பிறர் குரலுக்குக் காத்திருந்தவர்கள்: வாசிப்பு ஒரு பென் டிரைவுக்குள் வந்த வரலாறு



மஸ்ஜிதுந் நபவியில் அதிகாலைப் பாங்குக்கு இருவர் இருந்தனர். இரவு முடியும் முன்னரே பிலால் (ரலி) அவர்கள் ஒரு பாங்கு சொல்வார்கள். ஃபஜ்ரு நேரம் வந்ததும் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் சொல்வார்கள். நோன்பு நோற்பவர்கள் பிலாலின் பாங்கைக் கேட்டு உண்பதை நிறுத்த வேண்டியதில்லை, இப்னு உம்மி மக்தூமின் பாங்கு வரை உண்ணலாம், பருகலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருந்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அந்த அறிவிப்பில் ஒரு சிறு விவரமும் சேர்ந்திருக்கிறது. இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர். விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்லும் வரை அவர்கள் பாங்கு சொல்ல மாட்டார்கள்.

ஊர் முழுவதையும் எழுப்பும் குரல் அவர்களுடையது. ஆயினும் அந்தக் குரல் எழ, வேறொருவரின் ஒரு சொல் தேவைப்பட்டது. இதனால் அந்த ஸஹாபியின் மதிப்புக்குக் குறை ஏதும் வந்துவிடவில்லை. நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவில் மக்களுக்குத் தொழுகை நடத்தும் பொறுப்பை ஒருமுறைக்கு மேல் அவர்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். எனினும் பார்வையற்றோரின் அறிவு வரலாறு நெடுகிலும் நாம் காண்பது இந்தக் காத்திருப்பைத்தான். யாராவது வந்து வாசித்துக் காட்ட வேண்டும், சொல்ல வேண்டும், எழுதித் தர வேண்டும். நம் காலத்தில் அந்தக் காத்திருப்பின் பெரும்பகுதியை ஒரு சிறிய பென் டிரைவ் எவ்வாறு முடித்து வைத்தது என்பதையும், எஞ்சிய பகுதி ஏன் இன்னும் நம் கைகளில் இருக்கிறது என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

செவி வழிக் கல்வியும் தாள் சுருளும்

இஸ்லாமியக் கல்வி மரபு செவியை முதன்மையாகக் கொண்டு வளர்ந்தது. திருக்குர்ஆன் ஓதிக் காட்டப்பட்டு, கேட்டு, மனனம் செய்யப்பட்டது. நபிமொழிகள் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் சென்றன. ஆகவே கண் பார்வை இல்லாதவர் ஹாஃபிழாகவும் அறிஞராகவும் உயர்வதற்கு இந்த மரபில் தடை குறைவாக இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸலாஹுத்தீன் அஸ்ஸஃபதீ என்னும் வரலாற்றாசிரியர், பார்வையற்ற பெருமக்களின் வாழ்க்கைக் குறிப்புகளை மட்டுமே தொகுத்து 'நக்துல் ஹிம்யான்' என்று ஒரு தனி நூலே எழுதினார். அப்படியொரு நூலை நிரப்பும் அளவுக்கு அவர்களின் எண்ணிக்கை இருந்தது.

அந்நூலில் இடம்பெறும் ஒருவர் ஸைனுத்தீன் அல்ஆமிதீ. பக்தாதின் முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவோடு தொடர்புடைய ஹன்பலீ அறிஞர். பார்வை இல்லாத இவர் ஈடுபட்ட தொழில் நூல் வணிகம். ஒரு நூலை வாங்கியதும் மெல்லிய தாளைச் சுருட்டித் திரித்து, விலையைக் குறிக்கும் அரபு எழுத்துகளின் வடிவில் வளைத்து, அட்டையின் உட்புறத்தில் ஒட்டுவார். அதன்மேல் மற்றொரு தாளை ஒட்டி மூடிவிடுவார். அரபு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு அல்லவா? பின்னொரு நாள் விலை மறந்துபோனால் அந்த மேட்டை விரலால் தடவி அறிந்துகொள்வார். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நம் வரலாறு தொடங்குகிறது. நூலின் உள்ளே இருப்பதை அல்ஆமிதீக்கு வாசித்துக் காட்ட ஆட்கள் இருந்திருப்பார்கள். ஆனால் தான் கொடுத்த விலையைத் தானே, எவர் தயவுமின்றி அறிந்துகொள்ள அவர் விரும்பினார். வாசிப்பில் அறிவு ஒரு பாதி என்றால், தனிமையும் தன்மானமும் மறுபாதி. வங்கியிலிருந்து வரும் கடிதம், மருத்துவ அறிக்கை, சொந்தக் குடும்பத்தின் செய்தி ஆகியவற்றைப் பிறர் குரலில் கேட்க நேரிடும் ஒருவருக்கு இந்த மறுபாதியின் அருமை தெரியும்.

20ஆம் நூற்றாண்டிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. எகிப்தின் தாஹா ஹுசைன் 1914இல் கெய்ரோவில் முனைவர் பட்டம் பெற்றார், பின்னர் 1950இல் கல்வி அமைச்சரானார். சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தியாக 1993 முதல் 1999 வரை இருந்த ஷைக் அப்துல் அஸீஸ் பின் பாஸ் இளமையிலேயே பார்வை இழந்தவர். இருவர் வாழ்விலும் நூல்களை வாசித்துக் காட்டியவர்கள் உடனிருந்தனர். பெரியோர்களுக்கு வாசிப்பவர் கிடைத்தார். சாதாரண வீட்டில் பிறந்த பார்வையற்ற மாணவருக்கு யார் கிடைப்பார்?

ஆறு புள்ளிகள்

இந்தக் கேள்விக்கு முதல் பெரிய விடையைத் தந்தவர் பிரான்சின் லூயி பிரெயில். 1809இல் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் நேர்ந்த விபத்தொன்றில் கண் காயமுற்று, பின்னர் பார்வையை முழுதும் இழந்தவர். இருளில் வாசிப்பதற்காகச் சார்லஸ் பார்பியே என்னும் படை அதிகாரி உருவாக்கிய புள்ளி முறையைக் கேள்வியுற்று, அதைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி, 15 வயதிலேயே ஆறு புள்ளிகளைக் கொண்ட எழுத்து முறையை வகுத்தார். 1829இல் அது நூலாக வெளிவந்தது.

தமிழகத்தில் பாளையங்கோட்டையில் 1890இல் பார்வையற்றோருக்கான பள்ளி தொடங்கியது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. திருக்குர்ஆனும் பிரெயிலில் அச்சாயிற்று. விரலால் தடவித் தானே ஓதும் பேறு பலருக்குக் கிட்டியது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆயினும் பிரெயிலுக்கு இடமும் பணமும் தேவை. தடித்த தாள், பெரிய புள்ளிகள், ஒருபக்க எடை. கையடக்கக் குர்ஆன் பிரதி ஒன்று பிரெயிலில் பல பெருந்தொகுதிகளாக விரிந்து அலமாரியின் ஒரு தட்டையே நிரப்பிவிடும். அன்றாடம் வெளிவரும் நாளிதழும் அரசு அறிவிப்பும் நண்பரின் கடிதமும் பிரெயிலாக மாறுவதற்குள் பழையதாகிவிடும்.

பேசத் தொடங்கிய இயந்திரம்

1976 ஜனவரியில் அமெரிக்காவின் ரேமண்ட் கர்ஸ்வெய்ல் ஓர் இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். அச்சிட்ட பக்கத்தை அதன் கண்ணாடியின்மேல் கவிழ்த்து வைத்தால், எழுத்துகளை அடையாளம் கண்டு, குரலாக மாற்றி உரக்கப் படிக்கும். உடனிருந்து வாசிப்பவர் இல்லாமலே சாதாரண அச்சு நூலைப் பார்வையற்றவர் கேட்க முடிந்தது. பெரிய உருவமும் பெரிய விலையும் கொண்ட அந்த இயந்திரத்தை ஒரு நூலகம் வாங்கலாம், ஒரு குடும்பம் வாங்க முடியாது.

1980களில் தனிநபர் கணினி வந்தது. அக்காலத்து டாஸ் திரை எளிமையானது. குறுக்கே 80 எழுத்துகள், கீழ்நோக்கி 25 வரிகள், அவ்வளவுதான். எந்த இடத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்பது கணினியின் நினைவகத்தில் அப்படியே இருக்கும். அதை எடுத்துக் குரல் கருவிக்கு அனுப்பினால் திரை பேசும். ஐபிஎம் நிறுவனத்தில் ஜிம் தாட்சர் என்னும் கணித அறிஞர், பார்வையற்ற தம் சக பணியாளருக்கு உதவும் முயற்சியில் உருவாக்கிய நிரல் 'ஸ்கிரீன் ரீடர்' என்ற பெயரிலேயே வெளிவந்தது. பின்னர் அப்பெயரே இவ்வகை மென்பொருள் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. தமிழில் நாம் திரைவாசிப்பான் என்கிறோம்.

அதே காலத்தில் டெட் ஹென்டர் என்னும் அமெரிக்கர், 1978இல் கார் விபத்தொன்றில் பார்வையிழந்த முன்னாள் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர், 1987இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி 'ஜாஸ்' என்னும் திரைவாசிப்பானை உருவாக்கினார். அதன் விண்டோஸ் பதிப்பு 1995இல் வந்தது.

விண்டோஸ் வருகை பார்வையுள்ளோருக்கு எளிமையைத் தந்தது, பார்வையற்றோருக்குப் புதிய சுவரை எழுப்பியது. இப்போது திரையில் இருப்பவை எழுத்துகளாக நினைவகத்தில் இல்லை. எல்லாம் படங்கள், புள்ளிக் கூட்டங்கள். எனவே திரைவாசிப்பான்கள் ஒரு கடினமான வழியைக் கையாண்டன. கணினி திரைக்கு அனுப்பும் வரைதல் கட்டளைகளை நடுவழியில் மறித்து, எந்த எழுத்து எங்கே வரையப்பட்டது என்று தம்முள் ஒரு நிழல் திரையைக் கட்டிக்கொண்டன. இதற்காக அவை கணினியின் திரை இயக்கியோடு தம்மைப் பிணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நிறுவல், மறுதொடக்கம், நிர்வாகி அனுமதி அனைத்தும் தேவை.

விலையும் பெரிது. முன்னணித் திரைவாசிப்பானின் விலை ஏறத்தாழ 1000 டாலர். கணினியை விட அதைப் பேசவைக்கும் மென்பொருளுக்கு அதிக விலை கொடுக்கும் நிலை பலருக்கு இருந்தது. அவ்வளவு கொடுத்தும் உரிமம் குறிப்பிட்ட கணினியோடு கட்டுண்டது. கல்லூரி ஆய்வகத்தில் ஒரே ஒரு கணினி மட்டும் பேசும். அது பழுதானால், அல்லது அதில் வேறொருவர் அமர்ந்திருந்தால், பார்வையற்ற மாணவர் காத்திருப்பார். சுற்றிலும் 30 கணினிகள் இருந்தாலும் அவை அவருக்கு ஊமைகளே. பிறர் குரலுக்குக் காத்திருந்த காலம் போய், குறிப்பிட்ட ஓர் இயந்திரத்துக்குக் காத்திருக்கும் காலம் வந்தது.

இரு நண்பர்கள்

ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற சிறுவர்களுக்கான இசை முகாம் ஒன்றில் இருவர் நண்பர்களாயினர். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே. இருவருக்கும் கணினியில் ஆர்வம். பார்வையுள்ளவர் கணினி வாங்கியதும் அதைப் பயன்படுத்தலாம், பார்வையற்றவர் மட்டும் ஏன் மேலும் ஒரு பெருந்தொகை கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அவர்களை உறுத்தியது. 2006 ஏப்ரலில், பல்கலைக்கழக மாணவராக இருந்த கரன், இலவசத் திரைவாசிப்பான் ஒன்றை எழுதத் தொடங்கினார். டே அவரோடு சேர்ந்தார். பார்வையற்றோர் தமக்கும் தம்மவர்க்கும் தாமே எழுதிய அந்த மென்பொருளின் பெயர் என்விடிஏ. 2007இல் அதைப் பேண 'என்வி அக்சஸ்' என்னும் லாபநோக்கற்ற அமைப்பு உருவாயிற்று. மோசில்லா அறக்கட்டளையும் பிறரும் நிதி தந்து துணை நின்றனர்.

அவர்கள் எடுத்த ஒரு தொழில்நுட்ப முடிவு முக்கியமானது. திரை இயக்கியை மறிக்கும் பழைய வழியை அவர்கள் நாடவில்லை. நிரல்கள் தம் உள்ளடக்கத்தைத் தாமே எடுத்துச் சொல்வதற்கான வழிமுறை ஒன்றை மைக்ரோசாஃப்ட் 1997லேயே விண்டோஸுக்குத் தந்திருந்தது. 'இது ஒரு பொத்தான், இதன் பெயர் சேமி', 'இது ஒரு தேர்வுப் பெட்டி, குறியிடப்பட்டுள்ளது' என்று நிரலே விடை சொல்லும். என்விடிஏ அந்த வழியில் நிரல்களிடம் கேட்டுப் பேசியது. கணினியின் அடித்தளத்தில் கைவைக்கத் தேவையில்லாததால், அதை நிறுவாமலே இயக்க முடிந்தது.

குரலுக்கும் ஏற்பாடு இருந்தது. ஜோனதன் டடிங்டன் என்னும் ஆங்கிலேயர் 1995இல் ஏகார்ன் கணினிகளுக்காக எழுதத் தொடங்கிய பேச்சு நிரல், பின்னர் 'ஈஸ்பீக்' என்ற பெயரில் இலவசமாக வெளியிடப்பட்டிருந்தது. மனிதக் குரலைப் பதிவு செய்து வெட்டி ஒட்டும் முறையை அது கையாளவில்லை. ஒலிகளைக் கணக்கிட்டே உருவாக்கியது. அதனால் குரலில் இனிமை குறைவு, உலோகத் தன்மை மிகுதி. ஆனால் பல மொழிகளும் சேர்ந்து தொடக்கத்தில் ஏறத்தாழ 2 மெகாபைட் இடத்துக்குள் அடங்கின. மிக விரைவாகப் பேசவைத்தாலும் சொல் சிதையாது. பழகிய பயனர்கள் புதியவர் செவிக்கு ஒன்றுமே புரியாத வேகத்தில் அதைக் கேட்பதைப் பார்க்கலாம். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று.

2000ஆம் ஆண்டின் இறுதியில் யுஎஸ்பி பென் டிரைவ்கள் கடைகளுக்கு வந்திருந்தன. தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தவற்றுள் ஒன்றின் கொள்ளளவு வெறும் 8 மெகாபைட். சில ஆண்டுகளுக்குள் கொள்ளளவு பன்மடங்கு பெருகி, விலை சரிந்தது. நிறுவத் தேவையில்லாத திரைவாசிப்பான், சில மெகாபைட்டில் அடங்கும் குரல், சட்டைப்பையில் கிடக்கும் சேமிப்பகம் ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் சந்தித்தன. என்விடிஏ, தொடக்க ஆண்டுகளிலேயே பென் டிரைவில் வைத்து இயக்கும் பிரதியாகவும் வெளிவந்தது. 2012இன் இரண்டாம் வெளியீட்டிலிருந்து, அந்தப் பிரதியை உருவாக்கும் வசதி மென்பொருளுக்குள்ளேயே இணைக்கப்பட்டது.

நம் முன்னோர் மஸ்ஜிதுகளிலும் மத்ரஸாக்களிலும் நூல்களை வக்ஃபு செய்தனர். வக்ஃபு நூலை விற்க இயலாது, ஒருவர் தமதாக்கிக்கொள்ள இயலாது, பயன் மட்டும் எல்லோருக்கும். என்விடிஏ வெளியிடப்பட்ட பொது உரிமமும் ஏறக்குறைய அப்படிப்பட்டது. யாரும் பயன்படுத்தலாம், படியெடுக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பகிர்ந்தால் அதையும் அதே உரிமையோடு திறந்தே தர வேண்டும். இன்று உலகெங்கும் தன்னார்வலர்கள் அதை மொழிபெயர்க்கிறார்கள், தமிழுக்கும் அவ்வாறே. 2019இல் வெப்எய்ம் அமைப்பு திரைவாசிப்பான் பயனர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், என்விடிஏயை முதன்மையாகப் பயன்படுத்துவோர் 40.6 சதவீதமாகவும் ஜாஸ் பயன்படுத்துவோர் 40.1 சதவீதமாகவும் இருந்தனர். இரு நண்பர்களின் கேள்வி 13 ஆண்டுகளில் அங்கே வந்து நின்றது.

கையில் எடுத்துச் செல்லும் முறை

இதை உருவாக்குவது எளிது. நம் வீட்டுப் பிள்ளைகள் சில நிமிடங்களில் செய்து தரலாம். என்வி அக்சஸ் தளத்திலிருந்து மென்பொருளைப் பதிவிறக்கி இயக்கினால், கணினியில் நிறுவுவதா, எடுத்துச் செல்லும் பிரதி உருவாக்குவதா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்து, பென் டிரைவில் ஒரு கோப்புறையைக் காட்ட வேண்டும். ஏற்கெனவே என்விடிஏ பயன்படுத்துபவராயின் அதன் கருவிகள் பட்டியலிலும் இவ்வசதி உண்டு. பயனர் விரும்பும் குரல், வேகம், உச்சரிப்புத் திருத்தங்கள் எல்லாம் அந்தக் கோப்புறைக்குள்ளேயே சேமிக்கப்படும். அவர் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் அவருக்குப் பழகிய குரலே பேசும்.

புதிய கணினியில் பென் டிரைவைச் செருகியதும் அது தானாகப் பேசத் தொடங்காது. முன்பு அப்படித் தானே இயங்கும் வசதி விண்டோஸில் இருந்தது. கான்ஃபிக்கர் போன்ற நச்சு நிரல்கள் அவ்வழியே பரவியதால் மைக்ரோசாஃப்ட் அதை அடைத்துவிட்டது. எனவே விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, பென் டிரைவின் எழுத்தையும் கோப்பின் பாதையையும் தட்டச்சு செய்து என்டர் அழுத்த வேண்டும். ஏறுமுகமாகச் சில சுருதிகள் ஒலிக்கும். அதன்பின் திரை பேசும். வேலை முடிந்ததும் இன்சர்ட் விசையோடு க்யூ விசையை அழுத்தி வெளியேறிய பிறகே பென் டிரைவை எடுக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. நிறுவப்படாத பிரதியால் கணினியின் உள்நுழைவுத் திரையைப் படிக்க முடியாது. நிர்வாகி அனுமதி கேட்டு விண்டோஸ் காட்டும் பாதுகாப்புத் திரையிலும் அது மௌனமாகிவிடும். அந்த இடத்தில் பார்வையற்றவர் மீண்டும் பிறர் குரலுக்குக் காத்திருக்க நேரிடும். சொந்தக் கணினி உடையவர் முறையாக நிறுவிக்கொள்வதே நல்லது. விண்டோஸிலேயே இருக்கும் 'நரேட்டர்' வசதி அண்மைக் காலத்தில் நன்கு மேம்பட்டுள்ளது, கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அது பேசும். கைப்பேசிகளும் பேசுகின்றன. எனினும் தேர்வுக்கூடம், அலுவலகம், நூலகம், உறவினர் வீடு எனப் பிறர் கணினியில் பணிபுரிய வேண்டிய இடங்களில், தாம் பழகிய வாசிப்பானைத் தாமே கொண்டுசெல்வது இன்றும் பெருந்துணை. மாற்றுத்திறனாளிகளின் தேர்வு குறித்து மத்திய அரசு 2013இல் வெளியிட்ட நெறிமுறைகள், கணினி வழித் தேர்வெழுதுவோர் ஒருநாள் முன்னதாகவே அக்கணினியைச் சோதித்துப் பார்க்க இடமளித்தன. அத்தகைய வாய்ப்பு இருப்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பிறர் கணினி பிறர் பொருள். அனுமதி பெற்றே அதில் பென் டிரைவைச் செருக வேண்டும். நச்சு நிரல் இல்லாதபடி அதைத் தூய்மையாக வைத்திருப்பதும் அமானிதத்தின் ஒரு பகுதி. அனுமதி கேட்கப்படும் பக்கத்தில் இருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. அறியாத அச்சத்தால் மறுத்துவிடாமல், நிறுவல் எதுவுமின்றி இயங்கும் நிரல் இது என்று புரிந்துகொண்டு இடம் தர வேண்டும்.

இன்னுமொன்றையும் தெளிவுபடுத்திக்கொள்வோம். இயந்திரக் குரல் அரபு எழுத்துகளையும் ஒலிக்கும், ஆனால் தஜ்வீத் அறியாது. வசனத்தைத் தேடவும், மொழிபெயர்ப்பையும் விளக்கவுரையையும் படிக்கவும் அது உதவும். ஓதக் கற்பதற்கு உஸ்தாதின் வாய்மொழியும் நல்ல காரிகளின் ஒலிப்பதிவுகளுமே வழி.

எஞ்சிய காத்திருப்பு

திரைவாசிப்பான் பேச வேண்டுமானால் திரையில் உண்மையான எழுத்து இருக்க வேண்டும். வரலாற்றின் மிச்சப் பகுதி நம் கைகளில் இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இதுவே.

தமிழ் எழுத்துகள் 1991 முதலே யூனிகோடில் இடம்பெற்றுள்ளன. ஆனால் நெடுங்காலம் நாம் வேறு வழியில் எழுதினோம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினோம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று நம் கண்ணுக்குத் தெரியும் சொல், கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கிறது. திரைவாசிப்பான் கணினிக்குள் இருப்பதைத்தான் படிக்கும். நம் மார்க்க நூல்களும் மலர்களும் கட்டுரைகளும் எத்தனையோ இவ்வாறு எழுதப்பட்டுக் கோப்புகளாகக் கிடக்கின்றன. பார்வையற்ற சகோதரர் அவற்றைத் திறந்தால் அவர் செவியில் விழுவது பொருளற்ற ஆங்கில ஒலிகள்.

அச்சு நூலைப் படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கியவை அதனினும் மோசம். அவை வெறும் படங்கள், திரைவாசிப்பான் அங்கே ஒன்றும் சொல்லாது. யூனிகோட் பரவிவிட்ட இன்றைய நாளிலும் நாம் அதே தவற்றைப் புதிய வடிவில் செய்கிறோம். ஜும்ஆ நேர மாற்றம், ஜனாஸா அறிவிப்பு, பிறை அறிவிப்பு, ஸகாத் விண்ணப்பத்தின் கடைசி நாள், அன்றாட நபிமொழி அனைத்தையும் அழகிய படமாக வடிவமைத்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புகிறோம். படத்தின் கீழே ஒரு வரி எழுத்து இராது. அதே குழுவில் இருக்கும் பார்வையற்ற உறுப்பினர் 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டுச் சலித்தவர் பிறகு கேட்பதையே நிறுத்திவிடுவார். அண்டைவீட்டாரின் ஜனாஸாத் தொழுகை முடிந்த பின்னரே செய்தி அறியும் நிலை ஒருவருக்கு ஏற்படுமானால், அதற்கு அவருடைய பார்வையின்மை காரணமாகாது. நம் கவனமின்மையே காரணம்.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டு, நூல்களைப் பார்வையற்றோர் அணுகும் வடிவில் மாற்றுவதற்கு விலக்கு வழங்கப்பட்டது. இதே நோக்கம் கொண்ட பன்னாட்டு மராகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவாயிற்று. 2014 ஜூனில் அதை உலகிலேயே முதலாவதாக உறுதி செய்த நாடு இந்தியா. அவ்வுடன்படிக்கை கையெழுத்தான நகரம் மொரோக்கோவில் உள்ளது, தமிழில் மராகிஷ் என்றும் எழுதுவோம். வழி திறந்திருக்கிறது, நடக்க வேண்டியவர்கள் நாம்.

நடப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டாம். ஜமாஅத் அறிவிப்பு ஒவ்வொன்றையும் படத்தோடு சேர்த்து எழுத்தாகவும் அனுப்பலாம். பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் உள்ளன, மஹல்லாவின் கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் அப்பணியைச் செய்யலாம். படமாக மட்டுமே இருக்கும் நூல்களைத் தட்டச்சு செய்து தரலாம். மஸ்ஜித் நூலகத்தின் கணினியில் திரைவாசிப்பானை முறையாக நிறுவி, அருகில் ஒரு காதொலிக் கருவியும் வைக்கலாம். வெளியூர் செல்லும் பார்வையற்ற மாணவருக்கு ஆயத்தமான ஒரு பென் டிரைவை அன்பளிப்பாகத் தரலாம்.

இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவு தேடி நபி (ஸல்) அவர்களிடம் வந்த வேளையில், நபியவர்கள் குறைஷித் தலைவர்களோடு உரையாடிக்கொண்டிருந்தார்கள். தேடி வந்தவர்மேல் கவனம் செலுத்தாததைக் குறித்து அல்லாஹ் தன் தூதருக்கே நினைவூட்டினான். 'அபஸ' என்னும் 80ஆவது அத்தியாயம் அந்நிகழ்வோடுதான் தொடங்குகிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடியிருக்கும் நேரத்தில் ஒரு பார்வையற்றவரின் கேள்வி இடையூறாகத் தோன்றலாம். அந்தக் கேள்விக்கு இறைவனிடத்தில் உள்ள எடையை அவ்வத்தியாயத்தை ஓதும்போதெல்லாம் நாம் உணர வேண்டும்.

அன்று மதீனாவில் விடிந்ததும் அதைச் சொல்ல அருகில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் சொல்லத் தவறியிருந்தால் பாங்கு தாமதித்திருக்கும். இன்று நம் அண்டைவீட்டில் ஒருவர், பென் டிரைவைச் செருகிக் காதொலிக் கருவியை அணிந்து, நாம் எழுதி அனுப்பியதைக் கேட்க ஆயத்தமாக அமர்ந்திருக்கிறார். அவர் செவிக்கு மௌனம் போய்ச் சேருமா, சொல் போய்ச் சேருமா என்பது நம் விரல்களில் இருக்கிறது.

பயனுள்ள கல்வியை நம் அனைவருக்கும் எளிதாக்கி, ஒருவருக்கொருவர் துணை நிற்கும் சமுதாயமாக நம்மை ஆக்கிவைக்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.